வேர் எட்டாத ஆழம்

டித்வா புயல் போனதிலிருந்து மட்டக்களப்பில் யார் வாயைத் திறந்தாலும் இதே பேச்சுத்தான்: மரத்தை வெட்டினார்கள், மலை சரிந்தது. தேத்தண்ணிக் கடையிலும் கேட்டேன், செத்த வீட்டிலும் கேட்டேன், பேஸ்புக்கில் திரும்பத் திரும்ப வாசித்தேன். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் இந்த நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலை மாவட்டங்களில் வீடும் ஆளும் சேர்ந்தே மண்ணுக்குள் போனார்கள். அவ்வளவு பெரிய துக்கத்துக்கு மனம் ஒரு காரணத்தைத் தேடும். எல்லோருக்கும் விளங்கக்கூடிய காரணமாக மரம் கிடைத்துவிட்டது. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறவன். மரம் நடச் சொல்வது என் தொழிலில் பாதி. அப்படியிருந்தும் இந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவேயில்லை.

செரிக்காமல் போனதற்கு ஒரு கூட்டம்தான் காரணம். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் நல்ல மனதோடு ஒரு திட்டம் போட்டார்கள். மருது, நாவல், மலைவேம்பு என்று ஒரு லொறி நிறையக் கன்றுகள் சேர்த்து, பதுளைப் பக்கம் கொண்டுபோய்ச் சரிந்த மலைகளில் நடுவது. எந்தக் கன்று நல்லது என்று கேட்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சுக்கு நடுவே வயதான ஒருவர் எழும்பி, "காட்டை அழிச்ச ஆக்களுக்கு மலை குடுத்த தண்டனை தம்பி இது, இனியாவது நட்டு வளக்கட்டும்" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டொருவர் தலையும் ஆட்டினார்கள். என் மனைவியின் பெரியப்பா குடும்பம் பதுளை மாவட்டத்து லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருக்கிறது. அவர்கள் லயத்துக்கு மேலேயும் அந்த வாரம் மண் இறங்கியது. சிறிய சரிவு, லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டதால் உயிருக்கு ஒன்றுமில்லை. தண்டனை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்த லயத்து ஆட்களின் முகங்கள்தான் கண்ணுக்கு வந்தன. அவர்களில் யார் காட்டை அழித்தது?

பாறையும் மண்ணும்

செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியில் போகிற எவருக்கும் எங்கள் நிலத்துக்கும் மலையகத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா என்று வயலும் குளமும் பற்றைக்காடுமாக நிலம் தட்டையாகவே கிடக்கும். பிபிலை தாண்டிய பிறகுதான் வளைவும் ஏற்றமும் தொடங்கும். எங்கள் பக்கத்திலும் மலைகள் இல்லாமல் இல்லை. குடும்பிமலை இருக்கிறது, தாந்தாமலை முருகன் இருக்கிறார், அம்பாறைப் பக்கம் போனால் உகந்தை இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வெறும் பாறைகள். மழை பெய்தால் கழுவிக்கொண்டு ஓடும், அடுத்த நாள் வெயிலில் காய்ந்து நிற்கும். மேலே மண் போர்வை கிடையாது, ஆகவே சரிந்து வர அங்கே ஒன்றுமில்லை. மலை என்றால் கல் என்று பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, மலையே ஓடி வந்து ஊரை மூடும் என்பது நம்ப முடியாத செய்தியாக இருப்பது இயல்பு. நம்ப முடியாததற்கு ஒரு பாவத்தைக் காரணமாகச் சொல்வதும் அதனால்தானோ என்று யோசிக்கிறேன்.

மலையகத்தின் மலைகள் வேறு வகை. அங்கேயும் அடியில் பாறைதான், ஆனால் மழையும் வெப்பமும் காலங்காலமாக அந்தப் பாறையை உக்க வைத்திருக்கின்றன. மேலே செம்மஞ்சள் மண், அதற்குக் கீழே கையால் உதிர்க்கக்கூடிய உக்கிய கல், அதற்கும் கீழேதான் உறுதியான பாறை. இந்தப் போர்வை சில இடங்களில் ஒரு மீற்றர், சில இடங்களில் பத்து மீற்றருக்கும் மேல். இதைவிடப் பொல்லாதது இன்னொன்று உண்டு. மலைச்சரிவு முடிந்து கொஞ்சம் சமதரையாக விரிகிற அடிவாரம், அநேகமாக முன்னொரு காலத்தில் மேலிருந்து உருண்டு வந்து தங்கிய மண்ணும் கல்லும் கலந்த குவியல். பார்த்தால் வீடு கட்டத் தோதான இடம், பக்கத்திலேயே ஊற்றுத் தண்ணீரும் கிடைக்கும். அந்தச் சமதரையே பழைய சரிவொன்றின் அடையாளம் என்பது தெரியாமல் அதன்மேல் லயங்களும் கோயில்களும் கடைத்தெருக்களும் எழும்பியிருக்கின்றன. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த வரிசையில் இல்லை.

மண் எப்படிச் சரிகிறது என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது கல்லடிக் கடற்கரையைத்தான். காய்ந்த மணலைக் குவித்தால் ஓரளவுக்கு மேல் நிற்காது, உதிர்ந்து விடும். கொஞ்சம் ஈரமான மணலில் செங்குத்தாகச் சுவரே கட்டலாம். மணிகளுக்கிடையே ஒட்டியிருக்கிற சிறிதளவு தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அதே சுவரின்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அடுத்த நொடியே உட்கார்ந்துவிடும். இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்ததும் இழுவை போய், தண்ணீரே மணிகளைத் தள்ளிப் பிரிக்கத் தொடங்குகிறது. மலையிலும் இதுதான் நடக்கிறது. வருடம் முழுக்க மண்ணைப் பிடித்து வைத்திருந்த ஈரமே, மூன்று நாள் அடைமழையில் உள்ளே தேங்கியதும் அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் கூடக் கூட மண்ணின் பிடி குறைகிறது, மண்ணின் பாரமோ ஈரத்தால் கூடுகிறது. எங்கே பிடி தோற்கிறதோ அந்த ஆழத்தில் ஒரு வழுக்குத் தளம் உண்டாகி, அதற்கு மேலுள்ளது முழுவதும் ஒரேயடியாகக் கிளம்புகிறது.

நின்றபடி இறங்கிய பலாமரம்

பாதை திறந்த பிறகு மனைவியோடு லுணுகலைக்குப் போனேன். பெரியப்பா தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த காலம் முதல் ஓய்வு பெறும் வரைக்கும் கான் வெட்டியவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீரை மண்ணைக் கரைக்காமல் குறுக்கே கொண்டுபோய் ஓடையில் விடுகிற வடிகானைத்தான் அங்கே கான் என்பார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய தம்பிமார், அதாவது என் மாமனார் பக்கம், கரடியனாற்றுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியபோது அவர் மட்டும் வரவில்லை. எண்பதை நெருங்குகிற வயதிலும் கையில் ஒரு கம்போடு எனக்கு முன்னால் ஏறினார்.

சரிவின் மேல் விளிம்புக்குப் போகாமல் பக்கவாட்டால் கூட்டிக்கொண்டு போய், மண் கிழிந்து சுவர் மாதிரி நின்ற ஓர் இடத்தில் நிறுத்தினார். மண்குழி வெட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம், ஆனால் இப்படியொரு குழியை இயற்கை வெட்டி வைத்து நான் பார்த்ததில்லை. மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்த மண், நிறையப் புல் வேர். அதற்குக் கீழே என் இடுப்பளவுக்குச் செம்மண், அதில் தேயிலை வேரும் மரவேரும் குறுக்கும் நெடுக்குமாக, கீழே போகப் போகச் சன்னமாகி, பிறகு அறவே இல்லை. அதற்கும் கீழே ஓர் ஆள் உயரத்தைவிடத் தடிப்பாகச் சாம்பல் படிந்த களிமண்ணும், தலையளவு, பானையளவுக் கற்களும் கலந்து கிடந்தன. அந்தக் களியில் விரலை வைத்தேன், எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. மழை விட்டு நாளாகியும் கல்லுக்கும் களிக்கும் இடையிலிருந்து தண்ணீர் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் உக்கிய பாறையின் முகம், எண்ணெய் தடவின மாதிரி மினுங்கியபடி, ஓடையை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"இங்க பாருங்க மாப்ள," என்று கம்பால் கீழே காட்டினார். சரிவின் பாதையில், லயத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பெரிய பலாமரம் நேராக நின்றது. காய்கூட உதிரவில்லை. நான் அது அங்கேயே முளைத்த மரம் என்றுதான் நினைத்தேன். "அது மேல, நம்ம நிக்கிற இந்த எடத்துக்கு நேரா இருந்த மரம். எங்க அப்பா வச்சது. சாயல, முறியல. நின்ன வாக்குலயே எறங்கிருச்சு. வேரு மண்ணை விடவே இல்ல மாப்ள, மண்ணுதான் கல்லை விட்டுருச்சு."

மலைச்சரிவும் மரமும் பற்றி நான் படித்தது எல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்துக்குள் இருக்கிறது. அந்தப் பலாமரம் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தது. தன் வேர் எட்டிய மண் முழுவதையும் இறுக்கிப் பிடித்து, ஒரு துண்டாகவே வைத்திருந்தது. ஆனால் பிடி தோற்ற இடம் அதன் வேருக்கு எவ்வளவோ கீழே இருந்தது. அந்தச் சரிவில் இன்னும் நூறு பலாமரம் நின்றிருந்தால் நூறும் நின்றபடியே இறங்கியிருக்கும்.

வேர் செய்வதும் செய்யாததும்

மரம் மலைக்கு ஒன்றும் செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. நிறையச் செய்கிறது. வேர் மண்ணுக்குள் கம்பி போட்ட மாதிரி வேலை செய்கிறது, மண் அறுபட வேண்டுமானால் வேரும் அறுபட வேண்டும். ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் ஆழத்தில் வழுக்கிக்கொண்டு போகிற மேலோட்டமான சரிவுகளை இது பெருமளவு தடுக்கும். வீதியோர மண்வெட்டுகளிலும் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடுகளிலும் நடப்பவற்றில் பல அந்த வகைதான். மண் போர்வை மெல்லியதாக இருந்து, ஆணிவேர் அதைத் துளைத்துக்கொண்டு உக்கிய பாறையின் வெடிப்புக்குள் இறங்குமானால், அந்த மரம் உண்மையிலேயே மண்ணைப் பாறையோடு தைத்து வைக்கும். தவிர, மரம் வருடம் முழுக்க நிலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விடுவதால், மழைக்காலம் தொடங்கும்போது மண் கொஞ்சம் காய்ந்திருக்கும், மழையைத் தாங்க இடம் இருக்கும்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல் ஒரு மீற்றருக்குள்ளேயே இருக்கிறது, இரண்டு மீற்றருக்குக் கீழே வேரை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. இலைக் கூரை ஒரு மழையில் தாங்கி வைப்பது சில மில்லிமீற்றர்தான். நூற்றுக்கணக்கான மில்லிமீற்றர் கொட்டுகிறபோது அது ஒரு பொருட்டே அல்ல. நாட்கணக்காக வானம் மூடி ஈரக்காற்று நிற்கும்போது மரம் உறிஞ்சுவதும் அநேகமாக நின்றுவிடும். காட்டு நிலம் தண்ணீரை மேலால் ஓடவிடாமல் உள்ளே இறக்கும். மண்ணரிப்புக்கு இது மருந்து, நீரூற்றுக்கு இது உயிர். ஆனால் பாறை மேல் படுத்திருக்கிற தடித்த மண்ணுக்குள் அடைமழை முழுவதும் இறங்கினால் என்னாகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உக்கிப்போன பழைய வேர்கள் விட்டுச்செல்கிற துவாரங்கள், அந்தத் தண்ணீருக்குக் குழாய் மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. மரத்தின் பாரமும் ஒரு காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய விஷயமில்லை. ஈரமண் ஒரு கன மீற்றர் இரண்டு தொன்னை நெருங்கும், அதற்கு முன்னால் மரத்தின் பாரம் சிறியது. காற்று வேறு கதை. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், கடலோர எழுவான்கரைத் தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் என்னவாயின என்று அவர்களிடம் கேட்டால் போதும். ஊறிய மண்ணில் நிற்கிற உயர்ந்த மரத்தைக் காற்று உலுப்பினால், அது வேரோடு மண்ணையும் கிளப்பி வெடிப்பு உண்டாக்கும், அந்த வெடிப்பு வழியே தண்ணீர் இன்னும் இறங்கும்.

பிறகு, வெட்டிய மரத்தின் விஷயம். மரத்தை வெட்டினால் மலை அன்றைக்கே சரிவதில்லை. அடியில் வேர் செத்தாலும் உடனே பலம் போகாது. சில வருடங்களில் அது உக்கிக்கொண்டே வரும், புதிதாக நட்டது இன்னும் வேர் பிடித்திருக்காது. அந்த இடைவெளிதான் மிக ஆபத்தான காலம். அந்த நேரத்தில் ஒரு பெருமழை வந்தால் மேல்மண் போய்விடும். மரத்தை விற்றுக் காசு எடுத்தவர் அப்போது எங்கே இருப்பாரோ, சரிவுக்குக் கீழே இருப்பவர்தான் அகப்படுவார். அதனால் காட்டை வெட்டாதே என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. வெட்டாமல் இருப்பது வேறு, சரிந்த இடத்தில் கன்று நட்டால் இனிச் சரியாது என்று அங்குள்ள சனத்துக்கு நம்பிக்கை கொடுப்பது வேறு. முன்னது கடமை. பின்னது ஆபத்து.

சரிவு மொட்டை மலையில் மட்டும்தான் வரும் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 2016 மே 17 கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூறு பேருக்கு மேல் பலியானார்கள், காணாமற்போனார்கள். பச்சைப் பசேலென்று மரமும் வீட்டுத்தோட்டமுமாக இருந்த பிரதேசம் அது. 2024 ஜூலை 30 அதிகாலை கேரளத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த சரிவு, ஊர்களுக்கு வெகு உயரத்தில், காட்டுக்குள்ளேதான் தொடங்கியது.

யார் வெட்டிய காடு

கூட்டத்தில் எழும்பிப் பேசிய அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல விரும்பியது இது. மலையகத்தின் காடு அழிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக வெளிப்பட்டதே மடூல்சீமைப் பக்கத்தில்தான், பெரியப்பாவின் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடர் அது. கோப்பி செத்தபிறகு தேயிலை. வெட்டச் சொன்னவர்கள் வெள்ளைக்காரத் துரைமார், காணியும் இலாபமும் அவர்களுக்கு. தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களுக்குக் கிடைத்தது கூலியும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவும். அந்தக் காம்பராவும் எங்கே? நல்ல மண்ணெல்லாம் தேயிலைக்குப் போனபின் மிஞ்சிய இடத்தில், ஓடைக்கரையில், அடிவாரத்தில், நான் மேலே சொன்ன பழைய குவியலின்மேல். தலைமுறை தலைமுறையாக இருந்தும் அந்தக் காணி அவர்களுடைய பெயரில் இல்லை. ஒரு சுவரை நகர்த்திக் கட்டுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியவர்கள், எந்தக் காட்டை அழித்திருப்பார்கள்?

மீரியபெத்தையை நாங்கள் மறக்கக் கூடாது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மலை இறங்கியபோது லயங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. அங்கே குறைவாயிருந்தது மரம் அல்ல. எச்சரிக்கையும் குறைவில்லை. போய் இருப்பதற்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை. இதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கல்லோயா பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில்தான் பிறக்கிறது, அந்தத் தண்ணீர்தான் சேனாநாயக்க சமுத்திரத்தில் நின்று அம்பாறை வயலை விளைவிக்கிறது. மலையில் கரைகிற மண் எங்கள் குளங்களுக்குள் வந்து படிகிறது. அந்த மலையில் இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது எங்கள் சோற்றோடு சேர்ந்த விஷயம்.

கான்

இறங்கி வரும்போது பெரியப்பா ஓரிடத்தில் நின்று கம்பால் புல்லை விலக்கினார். மானாப்புல்லும் பார்த்தீனியமும் மூடிக் கிடந்த அதற்கடியில், கல் அடுக்கிய பழைய கான் ஒன்று மண் நிரம்பிக் கிடந்தது. "இது நான் வெட்டுனது. அப்பல்லாம் மழைக்கு முந்தி வருசா வருசம் மண்ணு அள்ளுவோம். கணக்கப்பிள்ளை வந்து அளந்து பாப்பாரு. இந்த மலையில தேயிலைய விட்டபொறவு யாரும் அள்ளல." அந்த மலை கைவிடப்பட்ட மலை. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலைக்கு ஆழமான ஆணிவேர் உண்டு, அதைப் பிடுங்கி வெட்டுத்தண்டில் வளர்த்த வீ.பி. தேயிலை நட்டார்கள், அதற்கு அந்த ஆணிவேர் இல்லை. பிறகு ஆள் பற்றாக்குறை, வருமானம் குறைவு, அதையும் விட்டார்கள். இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் காடு திரும்பி வளர்கிற மாதிரி அழகாக இருக்கிறது. உள்ளே, ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீர் தேங்கி நின்று, மலையின் வயிற்றுக்குள் இறங்குகிறது. நான் அந்தக் கானை மிதித்துப் பார்த்தேன், சேறு கணுக்கால் வரை ஏறியது. அது நேரே போய் முடிந்தது சரிவின் மேல் விளிம்பில்.

தண்ணீரை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம் என்பது பொறியியலாளர்களும் சொல்வதே. பதுளை நகருக்கு அருகே பதுளுசிரிகமவில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மலைச்சரிவில், நிலத்துக்குள் துளையிட்டுக் குழாய் இறக்கி, உள்ளே தேங்கிய நீரை வடியவைத்தார்கள். அதெல்லாம் பெருஞ்செலவு, எல்லா லயத்துக்கும் மேலே செய்ய முடியாது. ஆனால் அடைபட்ட கானைத் துப்புரவாக்க மண்வெட்டியும் கூலியும் போதும். வெட்டுமுகங்களில் வெட்டிவேர் நடலாம், அதன் வேர் மூன்று மீற்றர் வரை செங்குத்தாக இறங்கும், பலமானது. கன்று நடத்தான் வேண்டுமென்றால் ஓடைக்கரையில் மருது நடலாம், கரையைப் பிடிப்பதில் அதற்கு நிகர் எங்கள் ஆறுகளிலேயே பார்த்திருக்கிறோம். சரிவின் நடுவில் மட்டும் எதையும் நட்டுவிட்டு, கீழே இருப்பவர்களிடம் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டு வரக் கூடாது.

இதையெல்லாம் கழகத்துப் பிள்ளைகளிடம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். பலாமரத்தின் படத்தையும் காட்டினேன். லொறிப் பயணத்தை அவர்கள் கைவிடவில்லை. கன்றைக் குறைத்து, மண்வெட்டியும் அலவாங்கும் ஏற்றிக்கொண்டு, தோட்டத்தில் அனுமதி வாங்கி, பெரியப்பா சொல்லச் சொல்ல அந்தக் கானைத் திறந்தார்கள். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்து, கானின் சாய்மானக் கணக்கு பிழைத்த இடங்களில் மறுபடி வெட்ட வைத்தார். இன்னொரு காரியமும் செய்தோம். என்னிடம் இருந்த மழைமானி ஒன்றை லயத்து முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நட்டோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினோம்: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் கவனம், 100 தாண்டினால் சாமானைக் கட்டி ஆயத்தம், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ உடனே வெளியேற வேண்டும். கூடவே, நிலத்தில் புது வெடிப்பு, சாய்கிற கம்பம், திடீரென்று கலங்கி வருகிற அல்லது நின்றுபோகிற ஊற்று, இறுகி மூட முடியாமல் போகிற கதவு. இவற்றில் ஒன்றைக் கண்டால் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நிற்கவே கூடாது. அளவெடுக்கும் பொறுப்பைப் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள்தான் அன்றைக்குக் கேட்டாள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு நூத்தியம்பது தாண்டுனா எங்க போறது சார்?" அந்தப் பக்கத்தில் பாறை மேல் உறுதியாக நிற்கிற கட்டடம் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைமடுவம் ஒன்றுதான். அது பூட்டிக் கிடக்கிறது, சாவி லுணுகலை டவுனில் இருக்கிற ஒருவரிடம். அதற்கு இன்னொரு சாவி வெட்டிக் கோயில் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்று பெரியப்பா கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். லயத்தையே வேறிடத்துக்கு மாற்றக் காணி கேட்டு எழுதிய கடிதமும் அதோடு சேர்ந்து போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. சாவிக்காக இந்தக் கிழமை நானும் ஒருதரம் போன் பண்ணப் போகிறேன்.